ஒத்தக் கட்டை

கோபாலபுரத்திலிருந்து கடல் மூணு கிலோமீட்டர்தான் இருக்கும். ராதாகிருஷ்ணன் சாலையில் நேராகப் போனால் காந்தி சிலை, அதுக்கு அப்பால் மெரினா. சின்ன வயசிலிருந்து பார்க்கிற கடல். ஆனால் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. போன வருஷம் கோவளத்தில் பணம் கட்டி அலைச்சறுக்கு வகுப்பில் சேர்ந்தபோதுதான் முதல்முறையாக அலை உடையும் இடத்தைத் தாண்டினேன். சொல்லிக்கொடுத்த தம்பி மீனவக் குடும்பம். "பலகைல நிக்கறது அப்புறம் சார். மொதல்ல அலைய பாருங்க" என்றான். அரைமணி நேரம் கரையில் உட்கார்ந்து அலையைத்தான் எண்ணினோம்.

இந்த விளையாட்டு வெளிநாட்டிலிருந்து வந்தது என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த நினைப்பு கொஞ்சம் ஆடிப்போனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை மதராஸில் முறையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில்தான் நிற்கும். நடுவில் ஆளைப் புரட்டிப்போடும் அலைகள். கப்பலின் சொந்தப் படகுகளுக்கு அது ஆகாது. அதனால் மனிதர்களையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலா படகுகள். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்தவை. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும்.

மசூலாவும் போகமுடியாத நாட்களில் கட்டுமரம் போகும். இலேசான சில கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். தண்ணீர் இடுக்குகள் வழியே ஏறி இறங்கிவிடும், அதனால் மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயவைக்கலாம். கப்பலுக்கான கடிதங்களை ஓலைத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு, மண்டியிட்டுத் துடுப்புப் போடுவார்கள். அலை தூக்கி எறிந்தால் நீந்திவந்து மறுபடி ஏறிக்கொள்வார்கள். பல வெள்ளைக்காரப் பயணிகள் இதை வியந்து எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதினவர்களின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. மரத்தில் ஏறினவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை.

அந்த மரத்தின் பெயர் மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலில் இந்தச் சொல் இருக்கிறது. 1875-ல் மதராஸ் துறைமுகத்துக்கு வேல்ஸ் இளவரசர் கல் நாட்டினார். துறைமுகம் வந்தபின் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோகும் வேலைக்குக் கட்டுமரம் தேவைப்படவில்லை. அதற்கு அடுத்த வருஷம், 1876-ல், நியூயார்க் படகுப் போட்டியில் நத்தானியல் ஹெரெஷாஃப் கட்டிய இரட்டை உடல் பாய்ப்படகு எல்லோரையும் முந்தியது. இன்று பணக்காரர்களின் உல்லாசப் படகுக்குப் பெயர் 'கேட்டமரன்'.

இங்கே மீன்பிடிக்கக் கட்டுமரம் தொடர்ந்தது. நொச்சிக்குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "சின்ன வயசுல அலையில விளையாடுவீங்களா தாத்தா?" என்று கேட்டேன்.

"இன்னா தம்பி இப்டி கேக்குற? மரத்துலேர்ந்து ஒத்தக் கட்டய உருவினு போயி, மேல குப்புறப் படுத்துனு அலையோட வருவோம். கரைல வந்து குத்தும். அப்பன் பாத்தா அடிதான். அப்புறம் அந்த அப்பனே மரத்துல ஏத்தினு போச்சு. தொழிலுன்னு தனியா இன்னா கத்துக்கறது?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் காசு கொடுத்துக் கற்றதை இவர் அடி வாங்கிக் கற்றிருக்கிறார்.

அவர் கையில் வலை இருந்தது. பக்கத்தில் நின்றதெல்லாம் ஃபைபர் படகு. கட்டுமரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. 1985-ல் மெரினாவை அழகாக்க வேண்டும் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அரசு அப்புறப்படுத்தியது. மீனவர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. கட்டுமரம் அன்று அழகுக்கு இடைஞ்சல். 2004 சுனாமி மிச்சமிருந்த மரங்களில் நிறையவற்றை உடைத்தது. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். எஞ்சின் வைத்த படகில் தூரம் போகலாம், உடம்புக்கும் நோவு குறைவு. மாறினவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

கோவளத்தில் அலைச்சறுக்கை வளர்த்தவர்களில் ஒருவர் மூர்த்தி மேகவன். அவரும் மீனவர். சிறுவயதில் மரப்பலகையில் அலையேறியவர். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. மீனவப் பிள்ளைகள் பலகையோடு போஸ்டர்களில் நிற்கிறார்கள். பார்க்க சந்தோஷமாகவே இருக்கிறது. ஆனால் தாத்தா ஏறியபோது அதை யாரும் விளையாட்டு என்று சொல்லவில்லை. அவர் மரம் நின்ற மணலையும் விட்டுவைக்கவில்லை.

கிளம்பும்போது, வகுப்புக்குப் போவதைப் பெரியவரிடம் சொன்னேன். எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். வலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கிட்ட வந்திருந்தா சும்மாவே சொல்லித் தந்திருப்பேனே."