கணக்கிலிருந்து கலியாணமாகிப் போனவள்

கல்பாக்கத்தில் அறிவியல் வரலாறு என்றால் அணு உலைதான் நினைவுக்கு வரும். 1983-இல் முதல் உலை இயங்கத் தொடங்கியபோது, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வேறு கிராமங்களில் 15 ஆண்டுகளாக இன்னோர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பி.சி.ஜி. ஊசி காசநோயைத் தடுக்குமா என்று அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968-இல் தொடங்கிய ஆய்வு அது. ஒரு மாதக் குழந்தை முதல் முதியவர்கள் வரை 2,81,161 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு 0.1 மில்லிகிராம், சிலருக்கு 0.01, மற்றவர்களுக்குப் போலி மருந்து.

பிறகு காத்திருக்க வேண்டும். நோய் வந்தால்தான் ஒப்பிட முடியும். எத்தனை பேரைச் சேர்த்தோம், ஆண்டுக்கு எத்தனை பேர் நோயுறுவார்கள், எத்தனை பேர் இடையில் விலகுவார்கள்: இம்மூன்றையும் வைத்தே விடை கிடைக்கும் காலத்தைப் புள்ளியியலாளர்கள் கணிக்கிறார்கள். 2020-இல் ஃபைசர் கொரோனாத் தடுப்பூசிக்கு 170 நோயாளிகள் நான்கு மாதத்துக்குள் சேர்ந்துவிட்டார்கள். செங்கல்பட்டில், தொடக்கத்தில் தொற்றில்லாத 1,09,873 பேரில் 560 பேர் நோயுற 15 ஆண்டுகள் ஆயின. மூன்று பிரிவிலும் முறையே 189, 191, 180 பேர். பெரியவர்களுக்கு ஊசியால் பாதுகாப்பு இல்லை என்பதே விடை. குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காப்பதால் அது இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது.

இந்தக் காலக்கணக்கில் பெண் எங்கே இருக்கிறாள்? இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்தார்கள். இடையில் தானாக வந்தவர்களையும் சோதித்தார்கள். ஏட்டில் ஏறுவது நோயைக் கண்டுபிடித்த தேதி. இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டு அடுப்படியில் நின்றவளின் நோய் அதற்கு எவ்வளவோ முன்பே தொடங்கியிருக்கலாம்.

1968-இல் பத்து வயதாயிருந்த சிறுமிக்கு 1983-இல் வயது 25. நம் ஊர் வழக்கப்படி அதற்குள் வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டிருப்பாள். ஆய்வுப் பகுதியைத் தாண்டிவிட்டால், கடைசியாகப் பார்த்த நாளோடு அவள் கணக்கு நிற்கும். இதைச் ‘சென்சாரிங்’ என்கிறார்கள். சினிமாவில் வெட்டுவதற்கும் அதே சொல்தான். போனவளுக்கும் இருந்தவளுக்கும் நோய் வரும் வாய்ப்பு ஒன்றே என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. புகுந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள், அடுத்தடுத்துப் பிள்ளை பெறுகிறவள் அந்தச் சூத்திரத்துக்குள் அடங்குவாளா?

ஊசியைப் பற்றிய முடிவை இக்கேள்வி புரட்டிவிடாது. குலுக்கல் முறையில் பிரித்ததால், மூன்று பிரிவிலிருந்தும் பெண்கள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் போயிருப்பார்கள். ஆனால் ஊரில் எத்தனை பேருக்கு, எப்போது நோய் வரும் என்ற கணிப்பு, இருந்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணிப்பாகிவிடும்.

இத்தகைய ஆய்வுகளின் வளைகோட்டில் ஒவ்வொரு படி இறக்கமும் ஒருவரின் நோய். கோட்டின்மேல் தெரியும் சின்ன வெட்டுக்குறிகள் விலகிப் போனவர்கள். மாணவிகளே, அந்தக் குறிகளில் பெண்கள் எத்தனை, ஏன் போனார்கள் என்று கேளுங்கள்.