பச்சை குத்திய கைகள்



ஒருவரை மறந்துவிடக் கூடாது என்பதற்காக நடத்தப்படுவது நினைவுப் பேருரை. நாம் எல்லோரும் சேர்ந்து மறந்துவிட்ட சில பெண்களைப் பற்றிப் பேச இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

நம் பாட்டிமார்களின் முன்கையைப் பாருங்கள். கோலம் இருக்கும், தேள் இருக்கும், பிள்ளையின் பெயர் இருக்கும். செத்தால் கூட வருவது இந்தப் பச்சை ஒன்றுதான் என்பார்கள். யார் குத்தியது என்று கேட்டால், “ஒரு குறத்தி வந்தா” என்பதோடு பதில் முடிந்துவிடும். பச்சையின் வரலாறு பெயரில்லாத அந்தப் பெண்ணிடமிருந்துதான் தொடங்க வேண்டும். (குறவர் என்றதும் நரிக்குறவரை நினைப்பவர்கள் உண்டு. மொழியும் மரபும் வேறான இரு சமூகங்கள் இவை.)

அந்தப் பெண்ணின் தொழில்நுட்பம் ஆவணமாகியிருக்கிறது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1900களில் அதை எழுதிவைத்தார். மஞ்சள்தூளையும் அகத்திக்கீரையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்குவார்கள். விளக்கெண்ணெயில் அதை எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்துக் கரி பிடிப்பார்கள். சுரண்டிய கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். தோலில் உருவத்தை வரைந்து, ஊசியால் குத்தி, வீக்கம் வராமலிருக்க மஞ்சள் பூசுவார்கள். வலி தெரியாமலிருக்கப் பாடுவார்கள். கறுப்பு மை நம் தோலுக்கடியில் பச்சையாகத் தெரியும். பெயரும் அதுவே ஆயிற்று.

மை தயாரிப்பும் கோட்டுருவமும் மருத்துவமும் பாட்டும் ஒரே பெண்ணிடம் இருந்தன. வாசலோடு நிறுத்தப்பட்ட அவள்தான் வீட்டுப் பெண்ணின் கையைத் தன் மடியில் ஏந்தி, அழியாத ஒன்றை எழுதிவிட்டுப் போனாள். கூலி பெரும்பாலும் தானியம். தர்ஸ்டன் அவளைக் கலைஞர் என்று எழுதவில்லை. தலையையும் மூக்கையும் அளந்து சாதிகளை வகைப்படுத்திய அவருக்கு அவள் ஒரு ‘மாதிரி’ மட்டுமே.

இதே கலையை அரசு தண்டனையாகவும் பயன்படுத்தியது. ஆயுள் தண்டனை பெற்றவரின் நெற்றியில் குற்ற விவரத்தைப் பச்சை குத்த வங்காளத்தில் 1797இலும் சென்னை மாகாணத்தில் 1802இலும் கிழக்கிந்தியக் கம்பெனி விதி செய்தது. கைதிகள் தலைப்பாகையாலும் முடியாலும் அதை மறைத்துக்கொண்டார்கள். 1849இல்தான் அந்த வழக்கம் சட்டப்படி ஒழிந்தது. விரும்பிக் குத்திக்கொள்வதற்கும் வலிந்து குத்தப்படுவதற்கும் உள்ள தூரம் மனிதருக்கும் அடிமைக்கும் உள்ள தூரம்.

நெற்றி முத்திரை ஒழிந்தாலும் முத்திரையிடும் புத்தி ஒழியவில்லை. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்கள் அதில் சேர்க்கப்பட்டனர். முன்பு பொதிமாட்டில் உப்பும் தானியமும் கொண்டுபோய் விற்றவர்கள் அவர்கள். ரயிலும் உப்புக் கொள்கையும் அந்த வணிகத்தை எப்படி அழித்தன, பிறகு எப்படி அவர்களே குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள் என்பதை மீனா ராதாகிருஷ்ணா விரிவாக எழுதியிருக்கிறார். ஊர் ஊராக நடந்தால்தான் பச்சை குத்தும் தொழில் நடக்கும். நடமாட்டத்தையே குற்றத்தின் அறிகுறியாகச் சட்டம் பார்த்தது. பதிவேடு, கைரேகை, ஆஜர், குடியேற்ற முகாம் எல்லாம் வந்தன. பிறர் கையில் மை இட்டவர்களின் விரல்களை அரசு மையில் தோய்த்தது. குறவஞ்சி நாடகங்களில் குறத்தியை ரசித்த சமூகம் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீங்கியது. சந்தேகம் நீங்கவில்லை.

இதற்கிடையில் படித்தவர்கள் மத்தியில் பச்சை ‘பட்டிக்காட்டுத்தனம்’ ஆனது. நம் பிள்ளைகளே பாட்டியின் கையைப் பார்த்துக் கூசினார்கள். இன்று நகரத்து நிலையங்களில் அதுவே ‘டாட்டூ’ என்று ஆயிரக்கணக்கில் விலைபோகிறது. புது ஊசியும் சுத்தமும் தேவையானவை. ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்துவதன் ஆபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சுத்தம் என்ற சொல்லோடு சாதியும் சேர்ந்தே உள்ளே வருகிறது. பச்சையின் மதிப்பு உயர்ந்தபோது அதைக் காத்துவந்த பெண்களின் மதிப்பு உயர்ந்ததா? கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் கலைஞர். திருவிழாக் கடைத்தெருவில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர் இன்னும் ‘பச்சை குத்துறவ’.

வேறு வழி இருக்க முடியும் என்பதற்குப் பீகாரின் மதுபனியில் ஒரு சான்று உண்டு. 1960களின் பஞ்ச காலத்தில் அங்குள்ள சுவரோவியங்கள் காகிதத்துக்கு வந்தன. முதலில் புகழ்பெற்றவை பிராமண, காயஸ்தப் பெண்களின் பாணிகள். 1970களில் ஜித்வார்பூரின் துசாத் தலித் பெண்கள் தங்கள் உடலில் இருந்த ‘கோத்னா’ பச்சைக் கோலங்களையே காகிதத்தில் வரைந்தார்கள். அவர்களில் ஒருவர் சானோ தேவி. தங்கள் வீரத் தலைவன் ராஜா சல்ஹேசின் கதையையும் அந்தப் பாணியில் வரைந்தார்கள். புராணக் கடவுளரைக் கடன் வாங்காமலே ஒரு பாணி பிறந்தது. தோலில் இருந்தவரை இழிவாகக் கருதப்பட்ட கோடு, தலித் பெண்ணின் கையெழுத்தோடு காகிதத்துக்கு வந்ததும் கலை என்று ஏற்கப்பட்டது. ஆனாலும், அந்த உடல்களில் முதலில் பச்சை குத்திய நாடோடி நட் சமூகப் பெண்களின் பெயர்கள் அங்கும் பதிவாகவில்லை.

இன்று நம் இளைஞர்கள் அண்ணலின் முகத்தையும் ‘ஜெய் பீம்’ என்ற சொல்லையும் பச்சை குத்திக்கொள்கிறார்கள். ஒருகாலத்தில் நெற்றியில் குற்றத்தை எழுதியவர்களுக்கு நாம் தரும் பதில் அது. ஆனால் அந்த ஊசிக்குப் பின்னால் ஒரு குறவர் பெண்ணின் அறிவு இருக்கிறது என்பதை ஏற்காவிட்டால், நம் விடுதலைப் பேச்சும் பாதியில் நிற்கும்.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, மூத்த பெண்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் கையிலுள்ள பச்சையை வரைந்துகொள்ளுங்கள். குத்தியவர் யார், எங்கிருந்து வந்தார், என்ன கூலி வாங்கினார், என்ன பாடினார் என்று கேளுங்கள். பிறகு அந்தக் குத்தியவரின் பேத்தியைத் தேடிப்போங்கள். அவரிடம் போகும்போது அளவுகோலோடு போகாதீர்கள், மாணவராகப் போங்கள். பாட்டிமார்கள் போய்விட்டால் பச்சையும் அவர்களோடு போய்விடும்.