எந்த வேலையைத் தள்ளிவிடுவது?

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தா போனார்கள். திரும்பி வந்து சிவகாசியில் தொழில் தொடங்க, பெட்டிக்கு லேபிள் தேவைப்பட, அச்சகங்கள் முளைத்தன. அப்புறம் பட்டாசு, காலண்டர்...

அங்கே ஒரு சின்ன அச்சகம் எந்த வேலையை அடுத்தவரிடம் தள்ளிவிடணும் தெரியுமா? ஒற்றைக் கலர் மெஷினில் சாமி படம் அடிக்க, அதே தாளை நாலு முறை ஓட்டணும். நடுவில், கரிசல்காட்டு வறண்ட காற்றில் தாள் துளி சுருங்கினாலும் போச்சு... லட்சுமிக்கு உதடு ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம்! பட்டாசு லேபிளோ, தீபாவளி முடிந்து வந்தால் எடைக்குத்தான். கணக்குத் தெரிந்தவர் படத்தை நாலு கலர் மெஷின்காரரிடம் கொடுத்துவிட்டு பில் புக் அடிப்பார்.

தேர்தல் நோட்டீஸ் வேறு விஷயம். ‘பேர் போடாம அடிச்சுக் குடுங்கண்ணே’ என்று வருகிறவரை அடுத்த தெருவுக்குக்கூட அனுப்பாதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை. மாட்டுவது உங்கள் சிநேகிதர்!