நிக் ஃப்யூரி கண்ணு எப்படிப் போச்சு? சூப்பர் ஹீரோ தகவல்களை நம்பும் முன் ஒரு செக்!

நிக் ஃப்யூரியின் இடது கண் எப்படிப் போனது? 2014-ல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்' படத்தோடு நிறுத்திக்கொண்டவரைக் கேளுங்கள், 'யாரோ துரோகம் பண்ணிட்டாங்க' என்பார். கடைசியா ஒருத்தரை நம்பினப்போ கண்ணைப் பறிகொடுத்தேன்னு ஃப்யூரியே அதில் சொல்வாரே! 2019-ல் 'கேப்டன் மார்வெல்' வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கூஸ் என்ற பூனை (பூனை மாதிரி இருக்கிற வேற்றுக்கிரக ஜந்து!) கீறியதுதான் காரணம்.

ஆன்லைன் கலைக்களஞ்சியங்களில் சூப்பர் ஹீரோ பக்கங்களைப் படிக்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஒரு கேரக்டர் வாயால் சொன்னது வேறு, திரையில் நடந்ததாகக் காட்டியது வேறு. 'தி டார்க் நைட்' (2008) ஜோக்கர், தன் வாய்த் தழும்புக்கு இரண்டு பேரிடம் இரண்டு கதை சொல்வான். அதில் ஒன்றை எடுத்து 'வாழ்க்கை வரலாறு' பகுதியில் எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தின் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிக்கணும். 'ஸ்பைடர்மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்' படத்தில் வேறொரு பூமியிலிருந்து வந்ததாக மிஸ்டீரியோ சொல்வதும் அப்பட்டமான புளுகு.

அடுத்தது, காமிக்ஸையும் படத்தையும் ஒரே குண்டானில் போட்டுக் கிண்டுவது. அல்ட்ரானை உருவாக்கியது யார்? காமிக்ஸில் ஹேங்க் பிம். 2015-ல் வந்த 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் டோனி ஸ்டார்க்கும் புரூஸ் பேனரும். க்விஸ்ல கேட்டா, 'காமிக்ஸா, படமா?'ன்னு நீங்க திருப்பிக் கேட்டுடுங்க பாஸ்.

ஆண்டுகளிலும் உஷார். 'எண்ட்கேம்' வெளியானது 2019. ஆனால், தானோஸ் சொடக்குப் போட்ட 2018-லிருந்து கதை ஐந்து வருடம் தாவிவிடும். அதனால் டோனி ஸ்டார்க் இறப்பது 2023-ல். ரிலீஸ் ஆண்டையே இறந்த ஆண்டாகப் போட்டிருந்தால் தப்பு. தமிழ் டப்பிங்கில் விஜய் சேதுபதி குரலில் அயர்ன் மேனைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம்: வாயசைவுக்காக வசனம் மாறலாம். பெயர், எண், ஆண்டையெல்லாம் ஆங்கில ஆடியோவில் ஒருமுறை கேட்டுடுங்க.

அடிக்குறிப்பு எங்கே போகுதுன்னும் பாருங்கள். படத்தின் காட்சிக்கோ, வசனத்துக்கோ போனால் நல்லது. ஏதோ செய்தித் தளத்துக்குப் போனால் சிக்கல். அவர்களே இதே பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கலாம். இப்படி ஒரு தப்பு ஊரைச் சுற்றிவிட்டு வந்து, தனக்குத்தானே ஆதாரமாக உட்கார்ந்துகொள்ளும்.

சரி, திரையில் காட்டினால் அப்படியே நம்பிடலாமா? அங்கேயும் ஒரு வில்லங்கம். 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' தொடக்கத்தில், 2012-ல் நடந்த நியூயார்க் சண்டைக்குப் பிறகு '8 ஆண்டுகள் கழித்து' என்று போடுவார்கள். படமே வந்தது 2017-ல். 'சிவில் வார்' (2016) முடிந்த சில மாதங்களில் நடக்கிற கதை அது. 8 எப்படிச் சரியாகும்? அடுத்த ஆண்டு 'இன்ஃபினிட்டி வார்' படத்தில், நியூயார்க் சண்டை நடந்து ஆறு வருஷம் ஆச்சுன்னு டோனி கணக்கைச் சரிபண்ணிடுவார். அக்கறையாக எழுதிய பக்கம் என்றால் '8' என்று போட்டதையும், அது மற்ற படங்களோடு ஒத்துப்போகாததையும் சேர்த்தே சொல்லியிருக்கும்.