சன் கம்பனி விற்கப்பட்ட பிறகு: ஓப்பன் ஒஃபிஸ், மைஎஸ்க்யூஎல் கதை



பாடசாலைக் கணினிக்கு ஓப்பன் ஒஃபிஸ் போடுவதா, லிப்ரே ஒஃபிஸ் போடுவதா என்று ஆசிரியர்களும் பெற்றோர்களும் எங்களிடம் கேட்பதுண்டு. இரண்டும் இலவசம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிறகு ஏன் இரண்டு பெயர்? அதற்குப் பின்னால் ஒரு பெரிய கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

அமெரிக்காவில் 1982ல் ஆரம்பிக்கப்பட்டது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். 'சன்' என்றதும் சூரியன் என்றுதான் நினைப்போம். உண்மையில் அது ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி நெட்வேர்க் என்பதன் முதலெழுத்துகள். ஜாவா மொழியை 1995ல் வெளியிட்டதும் இவர்கள்தான். 1999ல் ஜேர்மனியின் ஸ்டார் டிவிஷன் கம்பனியை வாங்கினார்கள். மார்கோ பெரிஸ் என்பவர் பதின்ம வயதிலேயே, 1985ல், தொடங்கிய கம்பனி அது. அங்கு உருவான ஸ்டார் ஒஃபிஸின் மூல நிரலை 2000ல் சன் உலகத்துக்குத் திறந்துவிட்டது. அதுதான் ஓப்பன் ஒஃபிஸ். காசு கொடுத்து வேர்ட், எக்ஸல் வாங்க முடியாத பாடசாலைகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

2008ல் சன் இன்னொன்றையும் வாங்கியது. சுவீடனில் வளர்ந்த மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம். விலை சுமார் 1 பில்லியன் டொலர். இணையத்தளங்களின் தகவல்களைப் பின்னால் இருந்து சேமித்துத் தருவது இதன் வேலை. வேர்ட்பிரஸ்ஸில் செய்த எந்த இணையத்தளத்தை எடுத்தாலும் பின்னால் இதுவோ இதன் கிளையோதான் பொதுவாக இருக்கும்.

நமக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனோரைப் பதியவும் முகாம்களையும் உதவிகளையும் ஒழுங்குபடுத்தவும் இலங்கை மென்பொருளாளர்கள் தொண்டாகச் சேர்ந்து 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். அது திறந்த மூல மென்பொருள். பிஎச்பியிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் எழுதப்பட்டது. அடுத்த வருடமே பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அங்கும் பயன்பட்டது. இலவசமாகக் கிடைத்த கருவிகளால் நம்மவர்கள் சில நாட்களில் எழுதத் தொடங்கியதை, அனுமதிப்பத்திரம் வாங்கும் வரை காத்திருந்தால் எப்போது தொடங்கியிருப்பார்கள்?

இப்போது விற்பனைக்கு வருவோம். 2000ஆம் ஆண்டை ஒட்டி இணையக் கம்பனிகள் சரிந்ததிலிருந்து சன் தேறவேயில்லை. ஐபிஎம்முடன் பேசிய பேச்சு முறிந்தது. 2009 ஏப்ரல் 20ல் ஒரக்கிள், சன்னை 7.4 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஒரக்கிளின் பிரதான வியாபாரமே விலை கூடிய தரவுத்தளங்களை விற்பது. அதே வேலையை இலவசமாகச் செய்யும் மைஎஸ்க்யூஎல் இப்போது அவர்களின் கைக்குப் போகிறது. ஐரோப்பிய ஆணைக்குழு இதை மாதக்கணக்கில் விசாரித்தது. டிசம்பரில் ஒரக்கிள் பத்து வாக்குறுதிகளை வெளியிட்டது. 2010 ஜனவரி 21ல் அனுமதி கிடைத்தது, 27ல் எல்லாம் கைமாறி முடிந்தது.

இங்கே ஒரு விடயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். 'எல்லோருக்கும் சொந்தம்' என்று சொன்ன ஒன்றை எப்படி விற்க முடியும்? ஊரில் ஒருவர் பள்ளிவாசலுக்குக் காணியை வக்பு செய்தால், அவருக்குப் பிறகு பிள்ளைகளால் அதை விற்க முடியாது. திறந்த மூல அனுமதிப்பத்திரமும் ஓரளவு அப்படித்தான். ஒருமுறை வெளியிட்ட நிரலைத் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் பதிப்புரிமையும் பெயரும் கம்பனியின் கையில்தான் இருந்தன. ஓப்பன் ஒஃபிஸுக்குத் தொண்டாக எழுதிக் கொடுத்தவர்கள்கூட தங்கள் உரிமையைச் சன்னோடு பங்கிடும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஆகவே பயன் மட்டும்தான் வக்பு, உறுதி கம்பனியின் பெயரில். வாங்கியவருக்கு அந்த உறுதி போதும்.

மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பின்லாந்தைச் சேர்ந்த மொன்டி விடெனியஸ். ஒரக்கிளிடம் கொடுக்க வேண்டாம் என்று உலகம் முழுவதும் கையெழுத்துத் திரட்டினார். ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்கு முன் அதைச் சன்னுக்கு விற்றவர்களில் அவரும் ஒருவர்தானே என்று அப்போதே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கத்திக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. அதே நிரலை எடுத்துத் தனிக் கிளையாக வளர்த்தார். மைஎஸ்க்யூஎல்லில் வரும் 'மை' அவருடைய மூத்த மகளின் பெயர். புதியதற்கு இளைய மகள் மரியாவின் பெயரை வைத்து மரியாடிபி என்றார். விக்கிப்பீடியா 2013ல் இதற்கு மாறியது.

ஓப்பன் ஒஃபிஸ் பக்கம் சண்டை இன்னும் வெளிப்படையாக நடந்தது. 2010 செப்டெம்பர் 28ல் தொண்டர்களில் ஒரு பெரும் பகுதியினர் பிரிந்து, டொகியுமன்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தார்கள். பழைய பெயரையும் தரும்படி ஒரக்கிளைக் கேட்டார்கள். கிடைக்கவில்லை. தற்காலிகமாக வைத்த 'லிப்ரே ஒஃபிஸ்' என்ற பெயரே நிலைத்தது. பிரிந்தவர்கள் பழைய சபையில் இருக்கக் கூடாது, விலகுங்கள் என்று ஒரக்கிள் தரப்பு சொன்னது. அதன் பிறகு ஆட்கள் போகப் போக, 2011 ஏப்ரலில் ஒரக்கிள் தன் வியாபாரப் பதிப்பை நிறுத்தியது. ஜூனில் நிரலையும் பெயரையும் அப்பாச்சி ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்தது, பிரிந்துபோனவர்களிடம் அல்ல. எங்கள் கணிப்பில் இந்தக் கதையில் நடந்த பெரிய சேதம் இதுதான். ஒரே ஊரில் இரண்டு ஜும்ஆ நடப்பதுபோல் ஆகிவிட்டது.

அனுமதிப்பத்திரத்திலும் ஒரு சிக்கல் விழுந்தது. அப்பாச்சியின் நிரலை லிப்ரே ஒஃபிஸ் எடுத்துக்கொள்ளலாம், லிப்ரே ஒஃபிஸின் நிரலை அப்பாச்சி எடுக்க முடியாது. வேலை செய்யும் ஆட்களில் பெரும்பாலானோர் லிப்ரே ஒஃபிஸ் பக்கம், உலகம் அறிந்த பெயரோ அப்பாச்சியின் பக்கம். 2014ல் வந்த 4.1க்குப் பிறகு அப்பாச்சி ஓப்பன் ஒஃபிஸில் சிறு சிறு திருத்தப் பதிப்புகள் மட்டும்தான். 2020 ஒக்டோபரில், ஓப்பன் ஒஃபிஸுக்கு 20 வயதானபோது, 'புதிய மென்பொருள் எங்களிடம் இருக்கிறது என்று உங்கள் பாவனையாளர்களுக்குச் சொல்லுங்கள்' என்ற கருத்தில் டொகியுமன்ட் ஃபவுண்டேஷன் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது.

ஜாவாவில் இணையத்தளம் கட்டும் சட்டகங்களுக்கும் இதே கதி. ஜாவா ஈஈ என்ற பெரும் தொகுதியை 2017ல் ஒரக்கிள், எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் விட்டுக்கொடுத்தது. ஆனால் 'ஜாவா' என்ற பெயரை விடவில்லை. அது ஜகார்த்தா ஈஈ ஆனது, அதன் இணையச் சட்டகமான ஜாவாசேர்வர் ஃபேசஸ் பின்னர் ஜகார்த்தா ஃபேசஸ் ஆனது. நிரலுக்குள் 'ஜாவாஎக்ஸ்' என்று இருந்த இடமெல்லாம் 'ஜகார்த்தா' என்று மாற்ற வேண்டி வந்தது. ஒரு வர்த்தகப் பெயருக்காக உலகம் முழுவதும் எத்தனை பேர் உட்கார்ந்து திருத்தியிருப்பார்கள்!

ஒரக்கிள் கெட்டவன், மற்றவர்கள் நல்லவர்கள் என்று இதை முடித்துவிடவும் முடியாது. பலர் பயந்ததுபோல் மைஎஸ்க்யூஎல்லை அவர்கள் கொன்றுவிடவில்லை. 2018ல் 8.0 என்ற பெரிய பதிப்பே வந்தது. மறுபக்கம், மரியாடிபியின் பெயரில் நடந்த கம்பனி 2022ல் பங்குச்சந்தைக்குப் போய்த் தடுமாறி, 2024ல் கே1 என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. விற்பனைக்கு எதிராகப் பிறந்த கிளையின் கம்பனியும் விற்பனையாகிவிட்டது. வித்தியாசம் என்னவென்றால், இந்தத் தடவை கம்பனிக்கு வெளியே மரியாடிபி ஃபவுண்டேஷன் என்று தனி அமைப்பு ஒன்று முன்கூட்டியே இருந்தது. அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பது இனித்தான் தெரியவரும்.

கேட்டவர்களுக்குப் பதில்: லிப்ரே ஒஃபிஸைப் போடுங்கள். பழைய ஓப்பன் ஒஃபிஸில் தட்டச்சு செய்து வைத்த வினாத்தாள்களும் புள்ளிப்பட்டியல்களும் அதில் திறக்கும். இரண்டும் பாவிக்கும் கோப்பு வடிவம் ஒன்றுதான். அந்த வடிவம் 2006லேயே சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டுவிட்டது, எந்தக் கம்பனியின் பெயரிலும் இல்லை.