சென்னையில் போக்குவரத்து, சரக்கு மேலாண்மைக் கல்வி

ஆட்களையும் சரக்கையும் குறித்த நேரத்தில், குறைந்த செலவில், சேதமின்றிக் கொண்டுசேர்ப்பதைக் கற்பிக்கும் துறை போக்குவரத்து மேலாண்மை. சரக்கு, கிடங்கு, விநியோகம் சார்ந்த அதன் பகுதியை இன்று எல்லாரும் லாஜிஸ்டிக்ஸ் என்கிறார்கள். சென்னையில் இந்தப் படிப்பு தொழில் நடந்த இடங்களிலேயே முளைத்தது. அளவைப் பள்ளி, பஸ் டிப்போ, துறைமுகம் ஆகியவை தங்கள் தேவைக்குத் தாங்களே ஆட்களைத் தயார் செய்துகொண்டன. மேலாண்மைப் பட்டங்கள் வெகு பின்னால்தான் வந்தன.

தொடக்கம் 1794. புனித ஜார்ஜ் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளி 1859-இல் பொறியியல் கல்லூரியானது. 1920-இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. மாகாணத்தின் சாலைகளையும் பாலங்களையும் கட்டிய பொறியாளர்கள் பலர் அங்கே படித்தவர்கள். ஆனால் நெடுங்காலம் போக்குவரத்துப் படிப்பு என்றால் சாலை போடும் படிப்பு என்றே பொருள். போட்ட சாலையில் என்ன ஓடும், யார் ஓட்டுவார்கள், கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் வகுப்புக்கு வெளியே நின்றன. 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியது. 1895-இல் ஓடத் தொடங்கிய டிராம் 1953 வரை ஓடியது. இவற்றை நடத்தும் வித்தையை வேலையில் சேர்ந்தவர்கள் வேலை பார்த்தே கற்றார்கள். 1949-இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), மோட்டார் வாகனப் பொறியியலைத் தன் முதல் படிப்புகளில் ஒன்றாக வைத்தது. அது வண்டியைப் பற்றிய படிப்பு. வண்டிகளை நிர்வகிப்பது பற்றியதன்று.

திருப்பம் பஸ்ஸால் வந்தது. 1972 ஜனவரியில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவானது. சேரன், சோழன், பாண்டியன் கழகங்களும் அந்த ஆண்டுகளிலேயே எழுந்தன. ஆயிரக்கணக்கான வண்டிகள், அவற்றுக்கு ஓட்டுநர், நடத்துநர், மெக்கானிக், டயர், டீசல், கால அட்டவணை என்று இவ்வளவையும் கட்டி மேய்க்கப் படித்த ஆட்கள் இல்லை. 1976-இல் நிறுவப்பட்ட சாலைப் போக்குவரத்து நிறுவனம் இந்தக் குறையை நிரப்பவே பிறந்தது. அடையாற்றுக்குத் தெற்கே தரமணியில் இருக்கும் இந்நிறுவனம் கழக ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, ஆய்வும் செய்தது. கும்மிடிப்பூண்டியில் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சியும் நடத்தியது. இதன் கீழ் 1984-இல் ஈரோட்டில் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கியது. போக்குவரத்து ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடம் ஒதுக்கப்பட்டது. தமிழகப் போக்குவரத்துக் கல்வி வரலாற்றில் இதற்கு ஈடான செயல் வேறில்லை என்றே சொல்ல வேண்டும். டிக்கெட் கிழித்தவரின் மகனும் மகளும் பொறியாளராக வழி திறந்தது அது.

டிப்போவில் கற்ற கணக்கு எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பெரம்பூரிலிருந்து மயிலாப்பூர், அடையாறு வழியே பெசன்ட் நகர் போகும் 29சி-யை எடுத்துக்கொள்வோம். போய்த் திரும்ப 180 நிமிடம் பிடிக்கிறது, 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி விட வேண்டும் என்று வைத்தால் 18 வண்டிகள் வேண்டும். நெரிசலில் அது 210 நிமிடமானால் 21 வண்டி. கூடுதல் மூன்றுக்கு வழியில்லையென்றால் பயணி நிறுத்தத்தில் கூடுதல் நேரம் நிற்பார். நெரிசல் என்பது பொறுமைச் சோதனை மட்டுமில்லை, வண்டியையும் ஆளையும் தின்னும் செலவு என்று மாணவருக்கு உறைப்பது இந்த இடத்தில்தான்.

பொறியியல் பக்கம் வேறொரு வளர்ச்சி. 1957 முதல் கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் உண்டு. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யும், 1978-இல் உருவான அண்ணா பல்கலைக்கழகமும் கட்டுமானப் பொறியியலின் கிளையாகப் போக்குவரத்துப் பொறியியலை வளர்த்தன. இங்கே எழுந்த கேள்வி மேலைநாட்டுப் பாடநூலில் இல்லாதது. கார் தன் தடத்தை விட்டு நகராத சாலைக்கு எழுதிய சூத்திரம், பனகல் பார்க்கைச் சுற்றி ஆட்டோ, பைக், மாநகரப் பேருந்து, தள்ளுவண்டி எல்லாம் ஒன்றாக நெருக்கும் சாலைக்கு எப்படிப் பொருந்தும்? இந்திய நெறிமுறைகள் காரை 1 எனக் கொண்டு, பைக்குக்கு அரை, பஸ்ஸுக்கும் லாரிக்கும் 3 என்று அலகு வகுத்தன. ஆனால் சிக்னலில் இடைவெளி பார்த்து முன்னால் வந்து நிற்கும் பைக்குகளை நிலையான ஓர் எண்ணில் அடைக்க முடியாது. ஐ.ஐ.டி. பேராசிரியர் வே. தமிழ் அரசனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் தடமற்ற கலப்புப் போக்குவரத்தைக் கணினியில் உருவகிக்கும் ஹெட்டரோசிம் என்ற மாதிரியை உருவாக்கினார்கள். நம் சாலையை ஒழுங்கற்றதென்று ஒதுக்காமல், அது இயங்கும் விதத்தையே பாடமாக்கிய உழைப்பு இது.

மேலாண்மை மாணவர்கள் இதே துறையை வேறு வாசல் வழியாக அடைகிறார்கள். செயல்முறை ஆய்வு என்ற பாடத்தில் ‘போக்குவரத்துக் கணக்கு’ ஒன்று வரும். 1941-இல் கணிதவியலாளர் ஹிட்ச்காக் எழுதிய கட்டுரை அதன் மூலம். கான்டரோவிச்சும் கூப்மன்சும் இதே வகைச் சிந்தனையை வளர்த்து 1975-இல் பொருளியல் நோபல் பெற்றார்கள். கணக்கை இப்படிப் பார்க்கலாம். மாதவரம், வண்டலூர் கிடங்குகளில் தலா 50 மூட்டை இருக்கிறது; தி.நகர், மயிலாப்பூர் கடைகளுக்குத் தலா 50 வேண்டும். மூட்டைக்கு மாதவரத்திலிருந்து தி.நகர் 9 ரூபாய், மயிலாப்பூர் 10. வண்டலூரிலிருந்து 12, 15. ஆகக் குறைந்த 9 ரூபாய் வழியை முதலில் பிடித்தால் மயிலாப்பூருக்கு 15 ரூபாய் வழிதான் மிஞ்சும், மொத்தம் 1,200. மாற்றி அனுப்பினால் 1,100. கண்ணுக்குத் தெரிகிற மலிவை நம்பாதே என்பதை வகுப்பறையில் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஐ.ஐ.டி. பேராசிரியர் ஜி. சீனிவாசனின் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடக் காணொளிகள் இந்தப் பாடத்தை நாடெங்கும் மாணவர்களிடம் இலவசமாகக் கொண்டுபோயின.

கடல் பக்கம் கதை கண்டெய்னரோடு மாறியது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தது. கப்பல் முகவர், சுங்க முகவர், கிடங்குக்காரர் என்று புதிய வேலைகளும் பெருகின. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியில் இருந்த தேசியத் துறைமுக மேலாண்மை நிறுவனம் பின்னர் தேசியக் கடல்சார் கல்விக்கழகமாகி, 2008-இல் வேறு ஆறு நிறுவனங்களோடு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் இணைந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த மத்தியப் பல்கலைக்கழகம் துறைமுக மேலாண்மையிலும், பன்னாட்டுப் போக்குவரத்து – சரக்கு மேலாண்மையிலும் எம்.பி.ஏ. நடத்துகிறது. இந்தியத் தொழில் கூட்டமைப்பின் லாஜிஸ்டிக்ஸ் நிறுவனமும் 2004 முதல் சென்னையிலிருந்து இயங்குகிறது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லைச் சோதனைச் சாவடிகள் நீங்கின. வரிக்காக மாநிலத்துக்கொன்றாகக் கிடங்கு வைத்திருந்த கம்பெனிகள் பெரிய கிடங்குகளுக்கு மாறத் தொடங்கின. அதே ஆண்டு நவம்பரில் இத்துறைக்கு மத்திய அரசு உள்கட்டமைப்பு அந்தஸ்து தந்தது. அதன் பிறகு கலைக் கல்லூரிகளிலும் லாஜிஸ்டிக்ஸ் பி.பி.ஏ., பி.காம். பலகைகள் ஏறின. வதோதராவில் இத்துறைக்கென்றே கதி சக்தி பல்கலைக்கழகம் 2022-இல் மத்தியப் பல்கலைக்கழகமானது. தமிழக அரசு 2023-இல் தன் லாஜிஸ்டிக்ஸ் கொள்கையை வெளியிட்டது.

பெருக்கம் நல்லதே, ஆனால் பிளவு இன்னும் ஆறவில்லை. சாலையை அளக்கத் தெரிந்தவர் எம்.இ. படிக்கிறார், செலவைக் கணக்கிடத் தெரிந்தவர் எம்.பி.ஏ. படிக்கிறார், வண்டியை ஓட்டத் தெரிந்தவருக்குப் பட்டமே இல்லை. பஸ், ரயில், மெட்ரோ மூன்றையும் ஒருங்கிணைக்கவென்று, சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தை (கும்டா) அமைக்க 2010-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு வேண்டியவர் சாலை, செலவு, வண்டி மூன்றையும் அறிந்த ஆள். அண்ணா பல்கலைக்கழகம் உள்ள கிண்டி, ஐ.ஐ.டி. உள்ள அடையாறு, சாலைப் போக்குவரத்து நிறுவனம் உள்ள தரமணி ஆகிய மூன்று இடங்களும் சில கிலோமீட்டருக்குள் அடங்குபவை. இங்குள்ள நிறுவனங்கள் கூடி ஒரே பட்டப்படிப்பை நடத்த வேண்டும். சேரப்போகும் மாணவர்களும் கட்டணம் கட்டுமுன், டிப்போவிலும் துறைமுகத்திலும் எத்தனை வாரம் வேலை பழக்குவீர்கள் என்று கல்லூரியிடம் கேட்க வேண்டும்.