கொம்புக்கு எவ்வளவு பெயிண்ட் வேணும்?

போன வாரம் மாட்டுக் கொட்டகைப் பரணைச் சுத்தம் பண்ணினேன். பழைய பெயிண்ட் டப்பா பதினொன்னு கிடைச்சுது. ஒன்னுகூட பாதிக்கு மேல் தீரவில்லை, அத்தனையும் கல்லாகிக் கிடந்தது. பொங்கலுக்குப் பொங்கல் வாங்கினதுதான். ஒரு ஜோடி மாட்டுக்கு நாலு கொம்பு. அதுக்குக் கொட்டாங்குச்சியில் கால்வாசி பெயிண்ட் போதும். மிச்சத்தை என்ன செய்யறதுன்னு தெரியாமல் பரணில் ஏத்தியே முப்பது வருஷம் ஓட்டியிருக்கிறோம்.

தாத்தா காலத்தில் டப்பாவே கிடையாது. கொம்பைச் சீவி, எண்ணெய் தடவி, காவிக்கட்டியைக் கரைத்துப் பூசுவார்கள். நுனிக்குச் சுண்ணாம்பு. கோயில் மதிலில் பட்டை அடிக்கிற அதே காவியும் சுண்ணாம்பும்தான். வேண்டிய அளவுக்கு மட்டும் கரைப்பார்கள். மிஞ்சினாலும் மண்ணு மண்ணோடு போச்சு. ஒரே குறை, தை மாசப் பனியிலேயே பாதி கரைஞ்சிடும்.

இந்தியாவில் பெயிண்ட் தொழில் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. கல்கத்தாவுக்கு எதிர்க்கரை ஹௌராவில் ஷாலிமார் பெயிண்ட்ஸ் 1902-லேயே ஆரம்பித்தது. ஆனால் கப்பல், ரயில், பங்களா என்று பெரிய வேலைக்குத்தான் பெயிண்ட். குடியானவன் கணக்கிலேயே இல்லை. 1942-ல் பம்பாயில் நாலு நண்பர்கள் ஏஷியன் பெயிண்ட்ஸ் தொடங்கினார்கள். கையில் பெயிண்டும் பிரஷ்ஷுமாக நிற்கும் கட்டுப் பையனை 1954-ல் ஆர்.கே. லட்சுமண் வரைந்து கொடுத்தார். இந்தக் கம்பெனியைப் பற்றி வியாபார உலகத்தில் அடிக்கடி சொல்லும் கதை ஒன்னு உண்டு. மகாராஷ்டிராவில் நம்ம மாட்டுப் பொங்கல் மாதிரி போளா என்று ஒரு பண்டிகை. அதுக்குக் கொம்பில் பூச, கிராமத்து ஆளுங்க கொஞ்சூண்டு பெயிண்ட் கேட்பதைப் பார்த்துத்தான் சின்ன டப்பா வியாபாரத்தைப் பெருக்கினார்களாம். மாட்டுக் கொம்புதான் டப்பாவின் அளவைக் குறைத்தது என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கு.

எங்க தெருவில் எனாமல் பெயிண்ட் பரவினதுக்குக் காரணம் அரசியல் என்று அப்பா சொல்வார். 1967 பொங்கல் முடிஞ்ச அடுத்த மாசம் தேர்தல். ஒரு வீட்டு மாட்டுக்குக் கறுப்பு சிவப்பு, எதிர்வீட்டு மாட்டுக்கு மூவர்ணம். ஆனால் மூனு வர்ணம்னா மூனு டப்பா, யார் வாங்குறது? ஒரு கட்சிக்காரர் வீடெல்லாம் சேர்ந்து வாங்கி, கொட்டாங்குச்சியில் பங்கு போட்டுக்கிட்டாங்க. சிந்தாமல் எடுக்கிற கைப்பக்குவம் அப்படி வந்ததுதான்.

அந்தப் பக்குவம் இதுதான். டப்பாவைச் சாய்த்து ஊத்தவே கூடாது. ஊத்தினால் வாய் விளிம்பில் இருக்கிற பள்ளத்தில் பெயிண்ட் தங்கி இறுகிடும். அப்புறம் மூடி சரியாக உட்காராது, காற்று உள்ளே போகும். எனாமல் காய்வதே காற்றுபட்டுத்தான். பால் மாதிரி ஆடை கட்டிடும். மூடியை ஒரே இடத்தில் நெம்பாமல் திருப்புளியால் சுத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பணும். பள்ளத்தில் ஆணியால் நாலு ஓட்டை போட்டால் வழிஞ்சது உள்ளேயே சொட்டிடும். நீளக் காம்புக் கரண்டியால் மொண்டு கொட்டாங்குச்சியில் விடணும். விளிம்பைத் துணியால் துடைத்து, பலகை வைத்துத் தட்டி மூடி, டப்பாவைத் தலைகீழாக வைக்கணும். ஆடை கட்டினாலும் அடியில்தான் கட்டும்.

இவ்வளவு கறாராக இருப்பது காசுக்காக மட்டும் இல்லை. 1994 பொங்கலன்னிக்கு நான் திறந்த மூடியை வைக்கோல் மேல் வைத்துவிட்டேன். கன்னுக்குட்டி ஒன்னு அதை நக்கியிருக்கு. நாலாம் நாள் அதுக்குக் கண்ணு தெரியலை. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டே நின்றது. மாட்டு டாக்டர் வந்து பார்த்தவுடனே, "பெயிண்ட் எதையாவது நக்குச்சா?" என்றுதான் கேட்டார். ஈய விஷம். காப்பாத்த முடியலை. அந்தக் காலத்துச் சிவப்பிலும் மஞ்சளிலும் ஈயம் சேர்ப்பது சர்வ சாதாரணம். மாடு ஒன்னை ஒன்னு நக்கிக்கொடுக்கிற ஜாதி, அதன் கொம்பில்தான் இதைப் பூசினோம்.

வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டது. 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. என் பரணில் இருந்த பதினொன்னில் ஒன்பது அதுக்கு முந்தியது.

இப்போ உழவு மாடு இல்லை, கறவை ரெண்டுதான். வர்ற பொங்கலுக்குக் காவிதான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். "கொம்பு பளபளன்னு இருக்காதேப்பா"ன்னு பேரன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். அந்தப் பழைய டப்பாக்களை எருக்குழியில் போட மனசு வரலை. சாக்கில் கட்டி, கன்னுக்குட்டிக்கு எட்டாத அதே பரணில் மறுபடி ஏத்தியிருக்கேன்.